பழைய காரின் முன் சஸ்பென்ஷனை வீட்டிலேயே மாற்றலாமா? ஸ்பேனர் கிடைக்கிறது, அந்த எண்தான் கிடைப்பதில்லை

வேடசந்தூரில் ஒரு காருக்கு இரண்டு விதமான சாலைகள் கிடைக்கின்றன. ஒன்று, பெங்களூரு, சேலம், கரூர் வழியாக வந்து திண்டுக்கல், மதுரை தாண்டி கன்னியாகுமரி வரை போகும் தேசிய நெடுஞ்சாலை 44. இன்னொன்று, அதிலிருந்து இறங்கியதும் எரியோடு, குஜிலியம்பாறை, வடமதுரை பக்கம் பிரியும் ஊர்ச் சாலைகள். 15 வருஷம் ஓடிய மாருதி 800, ஆல்ட்டோ, சான்ட்ரோ மாதிரியான வண்டி இந்த ஊர்ச் சாலையில் இறங்கியதுமே தன் வயதைச் சொல்லிவிடும். ஸ்பீட் பிரேக்கர் ஏறும்போது 'டொக்', இறங்கும்போது 'டொக் டொக்'. வீட்டில் எல்லோருக்கும் அந்தச் சத்தம் பழகிப்போயிருக்கும்.

நான்கு வழிச் சாலைக்குப் போனால் சத்தம் அடங்கிவிடும். "ஹைவேல போனா வண்டி சூப்பரா போகுது" என்று அதை வைத்தே பலர் தள்ளிப் போடுகிறார்கள். இந்தக் கணக்கு தலைகீழானது. தேய்ந்துபோன பால் ஜாயின்ட் 30 கிலோமீட்டர் வேகத்தில் கழன்றால் வண்டி ஓரமாகச் சாய்ந்து நிற்கும், திட்டிக்கொண்டே இறங்கிவிடலாம். 90-இல் கழன்றால் சக்கரம் வெளிப்பக்கம் மடங்கும், ஸ்டீயரிங் எதையும் கேட்காது. ஊர்ச் சாலையில் கேட்கும் சத்தம் ஒரு முன்னறிவிப்பு. அது சொல்லும் ஆபத்து நெடுஞ்சாலையில்தான் காத்திருக்கிறது.

இப்படிப்பட்ட வண்டிகள் இப்போது பெரும்பாலும் அப்பா வாங்கி, பிள்ளை கைக்கு வந்தவை. பிள்ளை பெங்களூருவிலோ கோயம்புத்தூரிலோ வேலை பார்ப்பார். வார இறுதியில் ஊருக்கு வருவார். யூடியூபில் நாலு வீடியோ பார்த்திருப்பார். ஆன்லைனில் ஆர்டர் போட்டால் ஷாக் அப்சார்பர் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். "நாமளே மாத்தினா என்ன?" என்ற கேள்வி அப்போதுதான் வருகிறது. நியாயமான கேள்விதான். பாதி வேலையை வீட்டிலேயே செய்யலாம், மீதிப் பாதியைச் செய்யக் கூடாது. எந்தப் பாதி எது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

உள்ளே என்னதான் இருக்கிறது?

இந்தியாவில் ஓடும் சின்ன கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் ஒரே அமைப்புதான்: மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட். அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மெக்ஃபெர்சன் 1947-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த வடிவம் இது. 1950-இல் இங்கிலாந்தில் வந்த ஃபோர்டு கான்சல், ஜெஃபர் கார்கள் மூலம் பரவலானது. 1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற மாருதி 800-இலும் இதுதான். இதில் பாகங்கள் குறைவு, இடமும் கம்மியாகப் பிடிக்கும். சின்ன காருக்கு இது தோதாக அமைந்த காரணம் அதுதான்.

ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றிய காயில் ஸ்பிரிங்கும் சேர்ந்து ஒரே தூணாக நிற்கும். அந்தத் தூணின் மேல் முனை பானெட்டுக்கு அடியில் பாடியில் ஒரு ரப்பர் மவுண்டிங்கோடு பிடித்திருக்கும். கீழ் முனை, சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் என்ற இரும்பில் இரண்டு போல்ட்டால் பிடித்திருக்கும். நக்கிளின் அடிப்பக்கத்தை லோயர் ஆர்ம் பிடித்துக்கொள்ளும். ஆர்முக்கும் நக்கிளுக்கும் இடையில் இருப்பது பால் ஜாயின்ட், ஆர்முக்கும் பாடிக்கும் இடையில் இருப்பது ரப்பர் புஷ். ஸ்டீயரிங்கில் இருந்து வரும் கம்பியின் முனை டை ராடு எண்ட். இவ்வளவுதான்.

மாருதி 800 வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். குறுக்காகப் போகும் ஸ்டெபிலைசர் பார், வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி மட்டும் அல்ல. லோயர் ஆர்ம் முன்னும் பின்னும் நகராமல் பிடித்து வைப்பதும் அதுதான். அதன் புஷ் தேய்ந்தால் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பலர் பிரேக்கைக் கழற்றிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கோளாறு சில ரூபாய் ரப்பரில் இருக்கும்.

இந்த ஊர் வெயிலுக்கு ரப்பர்தான் முதலில் போகிறது. யூடியூபில் பனி நாட்டு மெக்கானிக்குகள் துருவோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு இங்கே வேலையில் இறங்கினால், போல்ட்டுகள் அங்கே மாதிரி அவ்வளவு அடம்பிடிக்காது. வறண்ட பூமியின் சின்ன வசதி அது. பதிலுக்கு புஷ்கள் வெடித்தும், ஸ்ட்ரட் மவுண்டிங் கெட்டிப்பட்டும், பால் ஜாயின்ட்டின் ரப்பர் உறை கிழிந்து உள்ளே மண் புகுந்தும் இருக்கும்.

சாலைக்கும் இதில் பங்கு உண்டு. இந்திய சாலைகள் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 99 விதிமுறைப்படி பொதுவான ஸ்பீட் பிரேக்கர் 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். 25 கிலோமீட்டர் வேகத்தில் பதமாக ஏறி இறங்கும் அளவு அது. ஊருக்குள் ராத்திரியோடு ராத்திரியாக சிமென்ட் கொட்டி எழுப்பிய ஒரு அடி அகல மேடுகளில் சக்கரம் ஏறுவதில்லை, மோதுகிறது. ஒவ்வொரு மோதலையும் வாங்குவது பால் ஜாயின்ட்டும் மவுண்டிங்கும்தான்.

முதலில் நோய் என்ன என்று பார்க்கணும்

"சஸ்பென்ஷன் மொத்தமா போச்சு சார், முழுசா மாத்திடலாம்" என்பது ஒர்க்‌ஷாப்களில் அடிக்கடி கேட்கும் வாக்கியம். சில நேரம் உண்மை. பல நேரம் ஒரு புஷ் அல்லது ஒரு லிங்க் மட்டும்தான் போயிருக்கும். பாகம் மாற்றுவதை ஒர்க்‌ஷாப்பிடமே விட்டாலும், சோதனையை வீட்டிலேயே செய்துகொள்வது பணத்தை மிச்சப்படுத்தும்.

முன்சக்கரத்தைத் தரையில் இருந்து தூக்கிய பிறகு, சக்கரத்தின் உச்சியிலும் அடியிலும் கை வைத்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆடினால் பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங். ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடிக்க, மறுபடி ஆட்டினால் எது என்று பிரித்துச் சொல்லலாம்: ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட். கடிகாரத்தில் ஒன்பது மணி, மூன்று மணி இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டும்போது லூஸ் தெரிந்தால் டை ராடு எண்டைப் பார்க்க வேண்டும். ஸ்ட்ரட்டின் உடம்பில் எண்ணெய் வழிந்து மண் ஒட்டியிருந்தால் ஷாக் போய்விட்டது. நிறுத்திய வண்டியில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மேலே இருந்து 'கட கட' என்று வந்தால் மேல் மவுண்டிங்கின் பேரிங். டயரின் உள் ஓரம் மட்டும் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் மாறியிருக்கிறது. அலைன்மென்ட்டைச் சரிசெய்வதற்கு முன்னால் அது ஏன் மாறியது என்று கேட்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த மாதமும் அதே செலவு.

பானெட் ஓரத்தை அழுத்திவிட்டு எத்தனை முறை குதிக்கிறது என்று எண்ணும் பழைய சோதனை இன்றும் செல்லும், ஆனால் பாதிக்குத்தான். ஷாக் முழுதாகச் செத்துப்போனதை அது காட்டும். அரைகுறையாகப் போனதைக் காட்டாது.

வீட்டு வாசலில் செய்யக் கூடியவை

ஸ்டெபிலைசர் புஷ், லிங்க், டை ராடு எண்ட், பால் ஜாயின்ட்டோடு சேர்ந்து வரும் லோயர் ஆர்ம் ஆகியவற்றைப் பொறுமையும் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையும் இருப்பவர் செய்யலாம். ஸ்ட்ரட்டை முழுத் தூணாகக் கழற்றி எடுப்பதும் இதே வகைதான். அதைப் பிரிப்பது வேறு வகை, அதற்குப் பிறகு வரலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால், வண்டி எதன் மேல் நிற்கிறது என்ற கேள்வி. காரோடு வரும் ஜாக்கி, ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டும். அதன் மேல் நிற்கும் வண்டிக்கு அடியில் ஒரு கை கூடப் போகக் கூடாது. அடுத்து எல்லோரும் தேடுவது வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் ஹாலோ பிளாக் கல். கட்டடத்தில் அது சுவர் முழுக்கப் பரவி வரும் எடையைத் தாங்கும். ஒரு இரும்பு விளிம்பு ஒரே புள்ளியில் அழுத்தினால் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். மாருதி 800 சின்ன வண்டிதான், ஆனாலும் சுமார் 650 கிலோ. ஜாக்கி ஸ்டாண்டு ஒரு ஜோடி வாங்காமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. சமதளமான சிமென்ட் தரை, பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை, இழுத்துப் பிடித்த ஹேண்ட் பிரேக். வேலை தொடங்கும் முன்னால் வண்டியைப் பக்கவாட்டில் நன்றாக ஆட்டிப் பார்க்க வேண்டும். விழுவதாக இருந்தால், யாரும் அடியில் இல்லாத அப்போதே விழட்டும்.

பால் ஜாயின்ட்டைப் பிரிக்கும்போது புதியவர்கள் மரையின் தலையில் சுத்தியால் அடிப்பார்கள். மரை கெட்டுப்போகும், ஜாயின்ட் வராது. அது உட்கார்ந்திருக்கும் நக்கிளின் பக்கவாட்டில் ஓங்கி இரண்டு அடி அடித்தால், கூம்பு வடிவப் பிடி தளர்ந்து தானாக விடும். பட்டறைப் பையன்களுக்கு இது கைவந்த கலை, வீடியோவில் பார்ப்பவருக்கு அந்த அடி எங்கே விழுகிறது என்று தெரிவதில்லை. காலிப்பரைக் கழற்ற வேண்டி வந்தால் பிரேக் ஹோஸில் தொங்கவிடக் கூடாது, கம்பி போட்டு ஸ்பிரிங்கில் கட்டி வைக்க வேண்டும். ஸ்ட்ரட்டை எடுத்த பிறகு நக்கிளை வெளியே ரொம்பவும் இழுத்தால் டிரைவ் ஷாஃப்ட் கியர் பாக்ஸில் இருந்து நழுவி எண்ணெய் கொட்டும். நட்டில் குறுக்கே செருகியிருக்கும் ஸ்பிளிட் பின்னைத் திரும்பப் பயன்படுத்தவே வேண்டாம். புதியது மலிவு.

இன்னொரு விஷயம் வீடியோக்களில் அநேகமாக விடுபட்டுப் போகிறது. லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷில் போகும் போல்ட்டை, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது கடைசி முறுக்கு முறுக்கக் கூடாது. அப்படிச் செய்தால் வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாகத் திருகிய நிலையில் இருக்கும். புதுப் புஷ் சீக்கிரமே கிழிந்துவிடும். "டூப்ளிகேட் ஐட்டம் குடுத்துட்டான்" என்று கடைக்காரர் திட்டு வாங்குவார். ஆர்முக்கு அடியில் ஜாக்கி வைத்து, வண்டியின் எடை அதன் மேல் ஏறும் வரை தூக்கிவிட்டுத்தான் அந்தப் போல்ட்டை இறுக்க வேண்டும்.

ஷாக் மாற்றினால் இடது வலது இரண்டும் சேர்த்தே. புதிய ஷாக்கை மாட்டும் முன் நிமிர்த்தி வைத்து நாலைந்து முறை அழுத்தி இழுத்தால் உள்ளே இருக்கும் காற்று வெளியேறும். ஸ்ட்ரட்டையும் நக்கிளையும் சேர்க்கும் இரண்டு போல்ட் எந்த நிலையில் இருந்தன என்று கழற்றும் முன் மார்க்கரால் கோடு போட்டுக்கொள்வது நல்லது. சக்கரத்தின் சாய்வு அங்கேதான் தீர்மானமாகிறது. எவ்வளவு கவனமாகச் செய்தாலும் முடித்ததும் வீல் அலைன்மென்ட்டுக்குப் போயே ஆக வேண்டும். வேடசந்தூரில் இருந்து திண்டுக்கல் சுமார் 20 கிலோமீட்டர். அந்தத் தூரத்தை மெதுவாக, ஓரமாகத்தான் ஓட்ட வேண்டும்.

ஒரே அளவுள்ள பாகத்தை மாற்றுவதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-வது பிரிவு தடுப்பது, தயாரிப்பாளர் குறித்த அடிப்படை அம்சங்களை மாற்றுவதைத்தான். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்தும் 'ஸ்டைல்' வேலை இந்தப் பிரிவில் மாட்டும். சட்டத்தை விட்டாலும் அது முட்டாள்தனமான வேலை.

அந்த நடு நட்டு

பானெட்டைத் திறந்தால் ஸ்ட்ரட்டின் தலையில் சுற்றிலும் இரண்டு அல்லது மூன்று சின்ன நட்டும், நட்ட நடுவில் ஒரு பெரிய நட்டும் தெரியும். சுற்றி இருப்பவை தூணைப் பாடியோடு பிடிப்பவை. நடு நட்டு, அமுக்கி வைத்த ஸ்பிரிங்கை உள்ளே அடைத்து வைத்திருக்கும் மூடி. சக்கரம் முழுதாகத் தொங்கினாலும் அந்த ஸ்பிரிங் முழுதாகத் தளர்ந்துவிடுவதில்லை. உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கும்.

அந்த நட்டைக் கழற்றினால் மவுண்டிங்கும் தட்டும் ஸ்பிரிங்கும் ஒரே நொடியில் முகத்துக்கு நேரே பாயும். பல் போவதில் இருந்து உயிர் போவது வரை எதுவும் நடக்கலாம். கழற்றியே ஆக வேண்டும் என்றால் ஸ்பிரிங் கம்ப்ரசர் போட்டு அமுக்கிய பிறகுதான். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் கம்ப்ரசர்கள் இரண்டு கொக்கிக் கம்பிகள். எதிரெதிராக மாட்டி, மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். ஒரு கொக்கி வழுக்கினால் ஸ்பிரிங் வில்லாக வளைந்து பக்கவாட்டில் பாயும். எப்போது வழுக்கும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

இங்கேதான் கோடு போட வேண்டும். ஸ்ட்ரட்டை முழுத் தூணாக வீட்டில் கழற்றலாம். நடு நட்டைத் தொடாமல் இரண்டு தூணையும் ஒரு சாக்கில் சுற்றி, சுவரில் பொருத்திய கம்ப்ரசர் இருக்கும் ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப் போய், புதிய ஷாக்கில் பழைய ஸ்பிரிங்கை மாற்றி வாங்கி வந்து, மறுபடி வீட்டில் மாட்டலாம். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அமெரிக்காவில் ஸ்பிரிங்கோடு கோத்துத் தயாராக வைத்த முழு ஸ்ட்ரட்டே கடையில் கிடைக்கிறது, அங்கே வீட்டு மெக்கானிக்குகள் இந்த நட்டைத் தொடாமலேயே வேலையை முடிக்கிறார்கள். இந்தியாவில் பழைய கார்களுக்கு ஷாக் தனி, மவுண்டிங் தனி, ஸ்பிரிங் தனி என்றே பெரும்பாலும் விற்கிறார்கள்.

எவ்வளவு இறுக்கணும்?

இவ்வளவையும் கவனமாகச் செய்த ஒருவர் கடைசியில் ஒரு கேள்வியில் போய் நிற்பார். பால் ஜாயின்ட் நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும்? நக்கிள் போல்ட்டை எவ்வளவு?

"நல்லா டைட்டா" என்பது பதில் இல்லை. 30 சென்டிமீட்டர் ஸ்பேனரின் முனையில் 25 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தினால் சுமார் 74 நியூட்டன் மீட்டர் டார்க். அதே ஸ்பேனரில் ஒரு பைப்பைச் செருகி 60 சென்டிமீட்டர் ஆக்கினால் அது இரண்டு மடங்கு. அழுத்துபவருக்கு வித்தியாசம் தெரியாது, போல்ட்டுக்குத் தெரியும். குறைவாக இறுக்கினால் அதிர்வில் தளரும். அதிகமாக இறுக்கினால் போல்ட் நீண்டு உள்ளுக்குள் பலவீனமாகி, சில மாதம் கழித்து நெடுஞ்சாலையில் முறியும். டார்க் ரென்ச் என்ற கருவியில் எண்ணை வைத்து முறுக்கினால், அளவு வந்ததும் 'டிக்' என்று சொல்லிவிடும். அந்தக் கருவி இன்று யார் வேண்டுமானாலும் வாங்கக் கூடியதுதான். அதில் வைக்க வேண்டிய எண்தான் கிடைப்பதில்லை.

காரோடு வரும் ஓனர்ஸ் மேனுவலில் டயர் காற்றழுத்தம் இருக்கும், எந்த எண்ணெய் ஊற்ற வேண்டும் என்று இருக்கும், வீல் நட் டார்க் கூட இருக்கலாம். சஸ்பென்ஷன் போல்ட்டுகளின் எண் இருப்பது சர்வீஸ் மேனுவலில். அது கம்பெனியின் டீலர்களுக்கான புத்தகம். உரிமையாளருக்குத் தருவதில்லை. அவர் கடைசியில் ஏதோ ஒரு நாட்டில் யாரோ ஸ்கேன் செய்து போட்ட, தன் மாடலுக்குப் பொருந்துமா என்றே தெரியாத ஒரு கோப்பை நம்ப வேண்டியிருக்கிறது.

இது வீட்டு மெக்கானிக்கின் குறை மட்டும் அல்ல. 15 வயது தாண்டிய கார் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போவது அபூர்வம். வேடசந்தூர் அளவிலான ஊர்களில் அதைப் பார்ப்பது சாலையோர ஒர்க்‌ஷாப்தான். அங்கே இருப்பவருக்குக் கை அனுபவம் நிறைய இருக்கும். எண் அவருக்கும் கிடைக்காது. ஆக, பழைய கார்களின் முன்சக்கரங்கள் பெரும்பாலும் யாரோ ஒருவரின் கைக் கணக்கில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இந்தச் சண்டை இந்தியாவில் ஏற்கெனவே ஒரு முறை நடந்திருக்கிறது. 2011-இல் ஒரு நுகர்வோர் ஹோண்டா, ஃபோக்ஸ்வேகன், ஃபியட் நிறுவனங்கள் மீது இந்திய போட்டி ஆணையத்தில் புகார் செய்தார். உதிரிபாகங்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளியே விடாமல் வைத்துக்கொள்கிறார்கள் என்பது புகார். விசாரணை விரிந்து, 2014 ஆகஸ்ட் 25-இல் ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களும் கருவிகளும் தனியார் ஒர்க்‌ஷாப்களுக்குக் கிடைக்க வழி செய்ய வேண்டும், வெளியே சர்வீஸ் செய்தாலே வாரண்டி ரத்து என்று ஒட்டுமொத்தமாகச் சொல்லக் கூடாது என்றும் உத்தரவிட்டது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் போயின. அந்த வழக்குகள் வருடக்கணக்கில் இழுத்தன. உதிரிபாகம் இன்று சுலபமாகக் கிடைக்கிறது, உண்மைதான். அதை மாட்டும் முறை பற்றிய தகவல் இன்னும் டீலரின் அலமாரியில்தான் இருக்கிறது.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுநீக்கும் உரிமைக்கு ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24-இல் ஓர் இணையதளமும் தொடங்கியது. விவசாயக் கருவிகள், மொபைல், வீட்டு உபயோகப் பொருட்கள் ஆகியவற்றோடு வாகனங்களையும் அதில் சேர்த்தது. நல்ல தொடக்கம். ஆனால் நிறுவனங்கள் சர்வீஸ் மேனுவலைத் தந்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் தனிச்சட்டம் அதன் பின்னால் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2007-லேயே ஒழுங்குமுறை 715 மூலம் பழுதுநீக்கத் தகவலைத் தனியார் ஒர்க்‌ஷாப்களுக்குத் திறக்கச் சொல்லிவிட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-இல் இதை மக்கள் வாக்கெடுப்புக்கு விட்டார்கள். சுமார் 86 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். அங்கே டீலருக்குக் கிடைக்கும் தகவல் தனியார் மெக்கானிக்குக்கும், காரின் உரிமையாளருக்கும் கிடைக்க வேண்டும் என்பது சட்டம்.

நிறுவனங்கள் சொல்லும் எதிர்வாதம் பாதுகாப்பு. தகவலைத் திறந்து விட்டால் விவரம் தெரியாதவர்கள் கை வைப்பார்கள், விபத்து நடக்கும் என்கிறார்கள். ஸ்பிரிங் விஷயத்தில் அந்தக் கவலைக்கு அர்த்தம் உண்டு. அதனால்தான் நடு நட்டைத் தொடக் கூடாது என்பதும் அந்த மேனுவலிலேயே எச்சரிக்கையோடு இருக்கும். மற்றபடி இந்த வாதம் உண்மை நிலவரத்தோடு ஒட்டவில்லை. பாகம் ஆன்லைனில் விற்பனைக்கு இருக்கிறது, ஜாக்கியும் ஸ்பேனரும் கிடைக்கின்றன, கை வைக்க நினைப்பவர் ஏற்கெனவே கை வைத்துவிட்டார். எண்ணை மறைப்பதால் அவர் நிற்கப் போவதில்லை. தப்பாக இறுக்கப் போகிறார். அதே நெடுஞ்சாலையில் எதிரே வருபவருக்கும் அது ஆபத்துதான்.

பழைய காரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்கலாமே என்பது எல்லோருக்கும் சாத்தியமில்லை. 15 ஆண்டு முடிந்த சொந்தக் காரின் பதிவை ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்து ஓட்டச் சட்டமே இடம் தருகிறது. 2022 ஏப்ரல் முதல் அந்தப் புதுப்பிப்புக் கட்டணம் காருக்கு 5,000 ரூபாய் ஆனது. கட்டணத்தை உயர்த்தி வாங்கிக்கொண்டு ஓட அனுமதிக்கும் அரசு, அந்த வண்டியைச் சரியாகப் பழுது பார்க்கத் தேவையான தகவலையும் கேட்டு வாங்கித் தரலாம். உற்பத்தி நின்றுபோன மாடல்களின் சர்வீஸ் மேனுவல்களை வெளியிடச் சொல்வது முதல் படியாக இருக்கட்டும். 2014-இல் கடைசி வண்டி வெளிவந்த மாருதி 800-இன் பால் ஜாயின்ட் நட்டில் காப்பாற்ற வேண்டிய வியாபார ரகசியம் எதுவும் இல்லை.

அதற்குக் காத்திருக்காமல் செய்யக் கூடிய ஒன்றும் உண்டு, அது உதிரிபாகத் தயாரிப்பாளர்கள் கையில் இருக்கிறது. ஷாக் அப்சார்பருக்கு கேப்ரியல், பால் ஜாயின்ட்டுக்கும் டை ராடு எண்டுக்கும் சென்னையின் ரானே என்று இந்தத் துறையில் அறுபது ஆண்டுகளாக இருக்கும் நிறுவனங்கள் உள்ளன. கார் கம்பெனிகளுக்கு பாகம் செய்து கொடுக்கும் இவர்களுக்கு அந்த எண்கள் புதிது அல்ல. பெட்டியின் மேல் எந்தெந்த மாடலுக்குப் பொருந்தும் என்று ஒரு பட்டியலும், அதிகபட்ச சில்லறை விலையும் ஏற்கெனவே அச்சாகி வருகின்றன. டார்க் எண் இரண்டு அல்லது மூன்று இலக்கம். அந்த லேபிளிலேயே அதற்கு இடம் இருக்கிறது.